மஞ்சள் துணி கட்டிய தொட்டி

மே 17, 1978, புதன்

காலையில் மாவாட்டினேன். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது மீன் நேற்றிலிருந்து இரை எடுக்கவில்லை.

இந்த மீன் வந்த கதையை இதில் எழுதவில்லை போலிருக்கிறது. பிப்ரவரியில் இவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்த பிறகு, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாகத்தான் வருகிறார்கள். அலமாரியில் இடம் இல்லை. போன வாரம், கடலில் சங்கு குளிக்கிற இனிகோ மட்டும் ஒரு தூக்குச்சட்டியில் கடல் தண்ணீரும் அதற்குள் இந்த மீனுமாக வந்து நின்றான். "மாஸ்டர், கடலுக்கடியில பாறைப் பாருக்குப் பக்கத்துல தனியா நின்னுச்சு. ஒங்க தொட்டிக்குன்னு வலைய விட்டுப் பிடிச்சேன்" என்றான். உள்ளங்கை அளவு மீன். கருநீல உடம்பில் வெள்ளை வளையம் வளையமாக ஓடுகிறது. ஏஞ்சல் மீன் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

கூடத்தில் உள்ள கண்ணாடித் தொட்டி இவர் கையால் செய்தது. அதில் நேராக எந்தப் புது மீனையும் விடக்கூடாது என்பது இவர் போட்ட சட்டம். இவர் துறைமுகத்தில் டக் என்கிற இழுவைப் படகின் மாஸ்டர். பெரிய கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற வேலை. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் உள்ளே நோய் இல்லை என்று தெரியும்வரை மஞ்சள் கொடியோடு ஒதுங்கி நிற்க வேண்டுமாம். மீனுக்கும் அதே சட்டம். "பின்னால தாவாரத்துல ஒரு டப்புல போடு. மஞ்சக்கொடி ஏத்து, ஜீவா" என்றார். படுக்கையில் விழுந்த பிறகு இவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். நான் பீரோ துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துக் குளியல் டப்பின் கைப்பிடியில் உடனே கட்டிவிட்டேன். கறுப்புக் கொடி கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

மே 18

மீன் மேல் வெள்ளைப் புள்ளி. ரவை ஒட்டின மாதிரி. செவுளை டப்பின் ஓரத்தில் போய்த் தேய்க்கிறது.

மே 19, வெள்ளி

கல்லூரியில் விலங்கியல் எடுக்கும் ஞானதீபத்தைப் போய்ப் பார்த்தேன். என்னோடு படித்தவள். இது ஒரு வகை ஒட்டுண்ணி என்கிறாள். மயில்துத்தத்தை இத்தனை தண்ணீருக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கலக்கச் சொன்னாள். கூடினால் மீன் செத்துவிடும், குறைந்தால் பூச்சி சாகாது. எங்கள் பள்ளிக்கூட லேபில் மயில்துத்தம் இருக்கிறது, தராசும் இருக்கிறது. லீவு நாளில் வாட்ச்மேனைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்தேன். பத்து வருஷமாக உயிரியல் டீச்சர் என்று சம்பளம் வாங்குகிறேன். ஒரு உயிரைக் காப்பாற்ற லேபைத் திறந்தது இதுதான் முதல் தடவை. இதுவரை தவளைதான்.

அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் மோர் கொடுக்க வந்தவள் டப்பை எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, மீனுக்கு அம்மையில்லா போட்டிருக்கு. அதான் மஞ்சத்துணி முடிஞ்சிருக்கீகளா?"

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சாயங்காலம் பார்த்தால் மஞ்சள் துணியோடு ஒரு கொத்து வேப்பிலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அவிழ்க்கப் போனேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். யார் சிபாரிசையும் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை.

மே 21, ஞாயிறு

இவர் இன்று சொன்னதை எழுதிவைக்கிறேன். எழுதினால் கனம் குறைகிறதா பார்ப்போம்.

மீனுக்குச் சீக்கு என்று சொன்னதும் சிரித்தார். "அதுக்கும் படுக்கை, எனக்கும் படுக்கை. யாரு முதல்ல எந்திரிக்கான்னு பாப்போம், ஏளா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு மணிக்கொரு தரம் "என்ன செய்யுது?" என்று கேட்கிறார். தன் மருந்தைப் பற்றி இப்படி ஒரு தடவை கேட்டதில்லை.

ஆண்டவரே, ஒரு மீனை நம்பி ஒரு ஆள் படுத்திருக்கிறார். இதைக் கொஞ்சம் கவனியும்.

மே 25, வியாழன்

தினமும் மருந்து அளவு பார்க்கிறேன். மீன் மூலையில் நிற்கிறது.

மே 27, சனி

புள்ளி ஒன்றுகூட இல்லை! கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். சுத்தம். ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். "மேலெல்லாம் மினுமினுன்னு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மத்தியானம் ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உப்பில்லாத ரசம். டாக்டர் உப்பை அறவே விலக்கச் சொல்லியிருக்கிறார். "உப்பளத்து வீட்டுல பொண்ணு எடுத்தேன், பாரு எங் கதைய" என்று வழக்கமான புலம்பல். அப்பாவுக்கு முத்தையாபுரத்தில் உப்பளம் இருந்ததை இவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து எதற்கெல்லாமோ சொல்லிக் காட்டுவார். இப்போது இதற்கு.

இருக்கட்டும். நிம்மதி. ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துப் போட்டேன்.

மே 29, திங்கள்

டாக்டர் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்து, குழாய் வைத்துப் பார்த்து, "எந்திரிச்சு நடக்கலாமே, மாஸ்டர்" என்றார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வாசல்வரை போனேன். அங்கே சொன்னார்: "இருதயம் தேறிடுச்சும்மா. பயம்தான் தேறல. எந்திரிச்சா திரும்ப வலி வந்துரும்னு நெனைக்கிறார். ஜூலையில மெடிக்கல் போர்டு. அங்க நடந்து போய் நிக்கலைன்னா அன்ஃபிட்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதைவிட, இப்படியே கெடந்தா ஆளே அடங்கிப் போயிருவார்."

எப்படி எழுப்ப? என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை வருகிறார். அதற்கே நெற்றியெல்லாம் வேர்வை. கூடத்துத் தொட்டிப் பக்கம்கூட வருவதில்லை. கப்பலை இழுத்த மனுஷன். வயது நாற்பத்தாறு.

மீன் தேறிக் கூடத்துக்கு வந்துவிட்டால், அதைப் பார்க்கவாவது எழுந்து வருவார். எனக்கு அந்த ஒரு வழிதான் தெரிகிறது. வேறு எந்த யோசனையும் எனக்கு ஓடவில்லை.

ஜூன் 1

மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. வீடெல்லாம் மண். டப்பில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இனிகோ கேனில் கொண்டு வந்து வைத்திருக்கும் கடல் தண்ணீரை அவ்வப்போது ஊற்றி நிரப்புகிறேன். சங்குக் குளிப்பு முடிந்துவிட்டதாம், இனி காற்று ஓய்ந்தால்தான் என்று வலை பின்னிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் கொண்டுவர மட்டும் தவறுவதில்லை.

ஜூன் 2, வெள்ளி

மீன் சாப்பிடவில்லை. மட்டிச் சிப்பியை அரிந்து போட்டேன். இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புள்ளி இல்லை, ஆனால் செவுள் பதைபதைக்கிறது. மூச்சு வாங்குகிறது. மயில்துத்தம் கூடிவிட்டதா? நிறுத்துத்தானே போட்டேன்?

"என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"நல்லா மேயுது" என்றேன்.

சொன்ன பிறகு அடுப்படியில் போய் நின்றேன். பிள்ளைகள் லீவுக்குப் பொய்ச் சீட்டு கொண்டுவந்தால் வெளியே நிறுத்துகிறவள் நான்.

ஜூன் 4, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பாதித் தண்ணீரை மாற்றிப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றினேன், மருந்து குறையட்டும் என்று. கொஞ்ச நேரம் தெளிந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் காற்றுக்குத் தண்ணீர் இறங்கியிருந்ததை நிரப்பினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஜீவா, மீன் இருக்கா, செத்துட்டா?"

"இருக்கு. சத்தியமா இருக்கு."

"நல்லா மேயுதுன்னு சொல்லுத. ரெண்டு நாளா இறால் வாங்கக் காணோமே."

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். படுத்த இடத்திலிருந்தே வீட்டுக் கணக்கு முழுக்க இவருக்குத் தெரிகிறது.

ஜூன் 5

எந்திரிக்க மாட்டேங்கிறார். இன்று பாத்ரூமுக்குக்கூட வர மாட்டேன் என்று... ஏன் இப்படிப் பண்ணுறீங்க, நான் என்ன செய்வேன்? சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூன் 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மீட்டிங். அடுத்த வாரம் திறக்கிறார்கள், டைம்டேபிள் போட வேண்டும். பேச்சித்தாயிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மீனுக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றிருக்கும் என்று நினைத்தேன். அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற மீன்.

படுக்கை காலி.

பாத்ரூம், இல்லை. கூடம், இல்லை. பின்னால் ஓடினேன். தாழ்வாரத்தில், மாவாட்டும்போது நான் உட்காருகிற முக்காலியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் தண்ணீர் மக்கு. டப்பிலிருந்து மொண்டு, உயரத் தூக்கி, டப்பிலேயே ஊற்றுகிறார். மொள்கிறார், ஊற்றுகிறார். தண்ணீர் விழுந்து நுரைக்கிறது.

"மோட்டார் சத்தம் நின்னுட்டு" என்றார். "பேச்சித்தாயைக் கூப்பிட்டேன், காதுல விழல. நின்னா செத்துரும்லா."

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். வேற எப்படி?"

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சுவரில் கை பட்ட தடம் வேர்வையோடு இருந்தது. வலி இருக்கா என்று கேட்டேன். இல்லை என்று சொன்னார். சொல்லும்போது இவருக்கே ஆச்சரியமாக இருந்த மாதிரி தெரிந்தது. நான் மக்கை வாங்கிக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். மீனைப் பார்த்து, "நல்லாத்தான் மேயுது" என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது இவர் டப்பின் விளிம்பை விரலால் சுரண்டி வாயில் வைத்துச் சப்பினார். கண்ணை மூடிக்கொண்டு. இன்னொரு தரம் சுரண்டினார்.

"ஐயோ, அது மயில்துத்தம்!" என்று கத்திக் கையைத் தட்டிவிட்டேன். பாத்ரூமுக்கு இழுத்துப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். மனுஷன் சிரிக்கிறார்.

"துத்தம் இல்ல, ஏளா. உப்பு. நாலு மாசமாச்சு நாக்குல பட்டு. என்னா ருசி."

வந்து விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. சோப்பு நுரை காய்ந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தண்ணீரில் விரலை விட்டு நானும் நாக்கில் வைத்துத் துப்பினேன். கடல் தண்ணீர் இல்லை அது. எங்கள் அப்பா பாத்தியில் உப்பு இறங்குவதற்கு முன்னால் நிற்குமே, அந்தத் தண்ணீர்.

நான் என்ன செய்திருக்கிறேன்? மேல்காற்று அடிக்கிற தாழ்வாரத்தில் மூடியில்லாத டப்பை வைத்து, காயக் காயக் கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். காற்று கொண்டு போவது தண்ணீரை மட்டும்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும். இது தெரியாதா எனக்கு? இதைத்தானே எங்கள் வீட்டில் செய்து சோறு தின்றோம்! கூடத்துத் தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருக்கிறது, அதனால் அங்கே ஒன்றும் இல்லை. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் என்று ஒரே புத்தி. முத்தையாபுரத்து மகள் வீட்டுக்குள்ளேயே ஒரு பாத்தி கட்டி அதில் மீனை விட்டிருக்கிறேன். புருஷனுக்கு உப்பைக் குறைத்துக் குறைத்து வந்தேன், மீனுக்குக் கூட்டிக் கூட்டிப் போயிருக்கிறேன்.

இவரிடம் சொன்னதும் இவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயம் வந்துவிட்டது, நெஞ்சுக்கு ஆகுமோ என்று. ஒன்றும் ஆகவில்லை. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஜூன் 7, புதன்

நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் மீன் தாங்காது என்று ஞானதீபம் சொன்னாள். பள்ளி லேபிலிருந்து உப்பின் அளவு காட்டும் ஹைட்ரோமீட்டரை வாங்கி வந்து, கூடத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு தரம், டப்பில் ஒரு தரம் மிதக்கவிட்டுப் பார்க்கிறோம். இவர்தான் அதன் கோட்டைப் படித்துச் சொல்கிறார். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, டக்கில் உத்தரவு போடுகிற குரலில், "ஒரு டம்ளர். போதும். நிறுத்து."

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பேச்சித்தாய் ஒரு குடம் கொடுத்தாள். குடிக்கிற தண்ணீரைக் கடல் மீனுக்கு ஊற்றுவதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் தானே சமாதானம் ஆகிக்கொண்டாள். "அம்மை எறங்குனா தண்ணி ஊத்தணும்லாக்கா. சரிதான்."

ஜூன் 8

நேராக நிற்கிறது.

ஜூன் 10, சனி

சாப்பிட்டது! மட்டித் துண்டு ஒன்றைக் கவ்வி, துப்பி, மறுபடி கவ்வி விழுங்கியது. இவர்தான் பார்த்தார். அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் பேச்சித்தாயும் ஓடிவந்துவிட்டாள். பயந்துபோய் வந்தவள் விஷயம் தெரிந்ததும், "ஒரு மீனு தின்னதுக்கா இந்த சத்தம்" என்று திட்டிவிட்டுப் போனாள்.

ஆண்டவரே, ஸ்தோத்திரம். கவனித்தீர்.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. மீன் இவர் பொறுப்பு. டப்பின் மேல் பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறோம். படுக்கையிலிருந்து தாழ்வாரம்வரை ஒரு நாளில் எத்தனை நடை நடக்கிறார் என்று நான் கேட்கவில்லை. சுவரில் கைத்தடம் குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளையடிக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 19, திங்கள்

சண்டை. மீன் குணமாகிவிட்டது, கூடத்துக்கு மாற்றலாம் என்கிறார். புள்ளி திரும்ப வருகிறதா என்று இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்கிறேன். சட்டம் போட்டவர் இவர், காப்பாற்றுகிறவள் நான்.

"ஒன்னய மாதிரி ஆளு கையில மாட்டுனா எந்தக் கப்பலும் கரைக்கு வராது" என்று கத்தினார். கட்டிலில் உட்கார்ந்து கத்தவில்லை, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு கத்தினார். நானும் விடவில்லை. நல்ல சண்டை. பிப்ரவரிக்குப் பிறகு இந்த வீட்டில் இதுதான் முதல் சண்டை. சுகமாக இருந்தது.

ஜூன் 26, திங்கள்

கூடத்துக்கு மாற்றினோம். ஞானதீபம் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். வலையைப் பிடித்தது இவர். இனிகோவும் வந்திருந்தான். மீன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. "புது எடம், கூச்சப்படுதான்" என்றான் இனிகோ.

மெடிக்கல் போர்டு ஜூலை பத்தாம் தேதி என்று தாள் வந்திருக்கிறது. இவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். தெருவில் இறங்கி நடங்கள் என்று நான் சொன்னேன். வீட்டுக்குள் நடக்கிறவர் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஜூலை 1

வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

ஜூலை 4, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தேன். கையில் உயிரியல் நோட்டுக் கட்டு, தோளில் பை, வேர்த்துக் கொட்டுகிறது. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. பூட்டு தொங்குகிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டுக்குப் பூட்டு இருப்பதே மறந்துபோயிருந்தது. எப்போதும் உள்ளே ஆள் உண்டு. என்னிடம் சாவியும் இல்லை.

பேச்சித்தாய் அவள் வாசலில் நின்று சிரித்தாள். "அண்ணாச்சி தேச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு கெளம்பிட்டாருக்கா. 'டக் எப்படிக் கெடக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்'னாரு. ரிக்‌ஷா கூப்பிடட்டான்னு கேட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துக்குவேன்னுட்டாரு."

பின்னாலேயே போகலாம் என்று நோட்டுக் கட்டைக் கீழே வைத்தேன். இந்த வெயிலில், இந்தக் காற்றில், வழியில் ஏதாவது என்றால்? தெருவில் இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் நின்றேன். நான் போய்க் கையைப் பிடித்தால் மறுபடி அந்தக் கை என் தோளுக்குத்தான் வரும். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். பேச்சித்தாய் காப்பி கொடுத்தாள். வீட்டுக்குள்ளே வந்து உட்காரச் சொன்னாள். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லாத கூடம். மீன் மட்டும் கல்லுக்கு முன்னால் வந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் ஆள் இல்லை.

நோட்டைத் திருத்த முடியவில்லை. எடுத்த நோட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கிய பிறகு தெரு முனையில் தலை தெரிந்தது. ஒரு கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். வேகமாக வரவில்லை, எங்கும் நிற்கவும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் கடற்காற்று பட்ட கறுப்பு.

"ஏளா, வெளிய உக்காந்து என்ன செய்யுத?" என்றார்.

"வீடு பூட்டியிருக்கு" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.